சரக்கு உறங்கும் வீடுகள்

கொஞ்ச காலமாகவே ஒரு கேள்வி என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் குடியிருக்கும் ஜார்ஜ் டவுனில் உண்மையில் குடியிருப்பவர்கள் யார்? பகல் வெளிச்சத்தில் இப்படி ஒரு கேள்வி எழவே வாய்ப்பில்லை. காலை பத்தரை மணிக்குத் தம்புசெட்டி தெருவிலோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலோ கால் வைத்தால் நாம் நடக்கவே வேண்டாம், கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். ஆள் உயரத்துக்கு அட்டைப்பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி, அதன் பின்னால் ஹாரனை அழுத்திய கையை எடுக்காத ஆட்டோ, தலையில் துணி பேலோடு 'வழி, வழி' என்று குரல் கொடுத்தபடி ஓட்டமும் நடையுமாக வரும் லோடுமேன், சரக்கெடுக்க வெளியூரிலிருந்து வந்து கையில் துண்டுச்சீட்டோடு கடை எண்ணைத் தேடும் சில்லறை வியாபாரி. கண்ணாடிக்குத் தேவராஜ முதலி தெரு, காகிதத்துக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் ஆண்டர்சன் தெரு, துணிக்குக் கோடவுன் தெரு, நாட்டு மருந்துக்கு ராசப்ப செட்டி தெரு என்று ஒவ்வொரு தெருவும் ஒரு பொருளைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. தங்கசாலைத் தெருவில் ஜிலேபி பிழியும் நெய் வாசம் வரும் இடத்திலிருந்து நாலு எட்டு வைத்தால் சாக்குப்பையின் தூசி, இன்னும் நாலு எட்டில் சாம்பிராணி. என்னைப் பார்க்க வரும் நண்பர்கள் எல்லோரும் கிளம்பும்போது ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: இவ்வளவு உயிரோட்டமான இடத்தில் வாழக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். நானும் தலையாட்டுகிறேன், பொய்யாக அல்ல. ஆனால் அவர்கள் போன பிறகு, ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கி முடிந்து, கடைசி லாரியும் ராஜாஜி சாலைப் பக்கம் திரும்பிய பிறகு, அந்த வாக்கியம் மட்டும் தெருவில் எங்கும் ஒட்டாமல் நிற்கிறது. இரவு பத்து மணிக்கு என் தெருவில் நிமிர்ந்து பார்த்தால் மாடி ஜன்னல்களில் விளக்கெரிவது ஒன்றோ இரண்டோ வீடுகளில்தான்.

நான் இருப்பது முத்தியால்பேட்டைப் பக்கம், ஒரு பழைய வீட்டின் மாடி. தெருவைப் பார்த்த முகப்பு குறுகல். உள்ளே போகப் போக நீண்டுகொண்டே போகும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், வெளிச்சம் வர நடுவில் ஒரு முற்றம். என் தலைக்கு மேலிருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் சின்னச் சின்னத் தட்டைச் செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, சுண்ணாம்புக் கலவையால் பிணைத்திருக்கிறார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டி இறுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து பாட்டுக்கு ஒரு தட்டு என்று தட்டியிருக்கிறார்கள். சித்திரை வெயிலிலும் அறை ஓரளவு தாங்கும்படி இருப்பதற்கு அந்தப் பெயர் தெரியாத கைகள்தான் காரணம். அண்ணாந்து படுத்திருக்கும்போது செங்கல் வரிசைகளுக்கு நடுவே சுண்ணாம்பு பிதுங்கிய தடங்கள் தெரியும். இத்தனை உழைப்பும் மனித உடம்புக்கு நிழல் தருவதற்காக என்பது பார்த்தாலே விளங்கும். கீழ்க்கட்டில் அதே தேக்கு உத்திரம், அதே செங்கல். ஊஞ்சல் மாட்டிய இரும்பு வளையம்கூட இன்னும் இருக்கிறது. வளையத்துக்குக் கீழே தரையிலிருந்து உத்திரம்வரை பிளாஸ்டிக் டப்பாக்கள் அடைத்த அட்டைப்பெட்டிகள். சமையல்கட்டுச் சுவரில் விறகுப் புகை ஏறிய கறை அப்படியே இருக்க, அடுப்பு இருந்த மேடையில் பில் புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. முற்றத்துக்கு மேல் தகரம் போட்டுவிட்டார்கள், சரக்கு நனையக் கூடாது. ராத்திரி நான் படுத்திருக்கும் தரைக்குக் கீழே புது பிளாஸ்டிக்கின் நெடி ஒரு மூச்சைப் போல ஏறி வருகிறது. பக்கத்து வீடும் அப்படித்தான், எதிர் வீடும் அப்படித்தான்.

இது யாருடைய கெட்ட எண்ணத்தாலும் நடக்கவில்லை என்பதுதான் எனக்குக் கூடுதல் சங்கடம். வீட்டுக்காரப் பெரியவர் பிறந்து வளர்ந்தது இதே வீட்டில். இப்போது அண்ணா நகரில் மகனோடு இருக்கிறார். வாடகை வாங்க வரும்போதெல்லாம் முற்றத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் மேலே ஏறுவார். "குடித்தனக்காரனுக்கு விட்டா தண்ணி வரல, கக்கூஸ் அடைச்சுக்கிச்சுன்னு மாசத்துக்கு நாலு போன் தம்பி. குடோனுக்கு விட்டா சரக்கு வாயத் தொறக்குதா?" என்று ஒருநாள் கேட்டார். அவர் கணக்கில் தப்பில்லை. குடோனுக்கு அட்வான்ஸ் பெரிது, வாடகை அதிகம், குளியலறை வேண்டாம், கார் நிறுத்த இடம் வேண்டாம், மாப்பிள்ளை வீட்டார் வந்து தெருவைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டார்கள். சொத்து மூன்று தலைமுறையாகப் பாகம் பிரியாமல் கிடக்கும் வீடுகளில் பழுது பார்க்கும் செலவை யார் தலையில் கட்டுவது என்பதே முடிவாகாது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியிருந்தவர்களைக் காப்பாற்றியது உண்மை. அதே சட்டத்தின் நிழலில் வாடகை பழைய காலத்திலேயே உறைந்துபோக, உரிமையாளர்கள் ஓர் ஓட்டையைக்கூட அடைக்காமல் வீடு தானாக விழட்டும் என்று காத்திருந்ததும் உண்மை. 2019இல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இங்கே காப்பாற்ற வேண்டிய குடித்தனங்கள் பல ஏற்கனவே போயிருந்தன. கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996இல் கோயம்பேட்டுக்குப் போனது. 2002இல் வெளியூர்ப் பேருந்துகளும் அங்கேயே போயின. நெரிசல் விலகினால் மனிதர் மூச்சுவிட இடம் பிறக்கும் என்று நினைப்பது இயல்புதானே. ஆனால் அழுகும் சரக்கு விட்டுப்போன இடத்தை அழுகாத சரக்கு பிடித்துக்கொண்டது.

இங்கே எனக்குள்ளேயே ஓர் எதிர்க்குரல் எழும். ஜார்ஜ் டவுனில் யார்தான் நிலையாக இருந்தார்கள்? இந்த ஊர் பிறந்ததே ஒரு வெளியேற்றத்தில். கோட்டையை ஒட்டி முதலில் இருந்த கறுப்பர் நகரம் இன்றைய உயர்நீதிமன்றம் நிற்கும் இடத்தில் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்களும் அடுத்துத் திரும்பி வந்த ஆங்கிலேயரும் அந்த வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். பீரங்கிக்கு எதிரே மறைப்பில்லாத வெட்டவெளி அவர்களுக்கு வேண்டியிருந்தது. பட்டணத்தின் பெரிய கோயிலும் அதில் போய், 1760களில் பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் என்று இரட்டைக் கோயிலாக எழுந்தது. வெட்டவெளிக்குள் இனி எவரும் வீடு கட்டக் கூடாது என்று எல்லை காட்டித் தூண்களை நட்டார்கள். 1773ஆம் ஆண்டைத் தாங்கி ஒன்று மட்டும் பாரிமுனையில் மிஞ்சி நிற்கிறது. துரத்தப்பட்டவர்கள் வடக்கே நகர்ந்து முத்தியால்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் நிறைத்ததுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். அதன் பிறகும் போவதும் வருவதும் ஓயவில்லை. பவளக்காரத் தெருவில் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலிருந்து பவளம் இறக்கி கோல்கொண்டா வைரம் ஏற்றிய யூத வணிகர்கள் இருந்தார்கள். அவர்கள் சுவடில்லாமல் போனார்கள். நகரத்தார் வந்தார்கள். 1949 செப்டம்பரில் அதே தெருவின் 7ஆம் எண் வீட்டில் கூடித்தான் திராவிட முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கினார்கள். 1914இல் எம்டன் கப்பல் துறைமுகத்தில் குண்டு போட்டபோதும், 1942இல் ஜப்பான் வரப்போகிறது என்ற பயத்திலும் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் எத்தனையோ. 1960களில் பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் கடை கிடைத்தது. மாலையில் அங்கே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸுக்கு வறுத்த வெங்காயமும் புளிக்கரைசலும் கலக்கும் வாசனை இப்போது எங்கள் வாசனையாகிவிட்டது. ஆக, ஆள் மாறுவதுதான் இந்த ஊரின் சுபாவம், இதற்கா இத்தனை வருத்தம் என்கிறது அந்தக் குரல். அதற்கு என்னிடம் உள்ள பதில் ஒன்றுதான். அப்போதெல்லாம் ஒரு குடி போனால் இன்னொரு குடி வந்தது; அடுப்பு அணைந்த வீட்டில் வேறொரு அடுப்பு எரிந்தது. இந்த முறை மனிதர் போன இடத்துக்கு வந்திருப்பது சரக்கு.

ஒரே மூச்சில் ஊரே காலியாகிவிட்டது என்று சொல்லிவிடவும் முடியாது. மேற்கே சௌகார்பேட்டைக்குள் போனால் சின்னச் சின்ன மனைகளில் நெடுநெடுவென்று எழுந்த அடுக்குமாடிகளில் மார்வாடி, குஜராத்திக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் பாட்டிகள் பேரப்பிள்ளைகளோடு சமணக் கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து காற்று வாங்குகிறார்கள். மண்ணடியில் ரமலான் மாத இரவுகளைப் பார்த்தவர்கள் ஜார்ஜ் டவுன் உறங்குகிறது என்று சொல்லவே மாட்டார்கள். தராவீஹ் முடிந்து வெளியே வரும் கூட்டம், சஹர் நேரம்வரை திறந்திருக்கும் கடைகள், நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு வரும் பிள்ளைகள். கீழக்கரையும் காயல்பட்டினமும் ராமநாதபுரமும் அங்கே தெரு தெருவாக ஒரு சின்ன ஊரைப் பிடித்து வைத்திருக்கின்றன. இந்த இரண்டு இடங்களிலும் என்ன பிடிமானம் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வழிபாட்டு இடம் நடை தூரத்தில் இருக்கிறது, உறவுகள் அதே தெருவில் இருக்கின்றன, கடை கீழே, வீடு மேலே. கடையும் வீடும் ஒரே படிக்கட்டில் இணைந்திருக்கும்வரை மனிதர் இங்கிருந்து எளிதில் கிளம்புவதில்லை. கடை மட்டும் இங்கே, வீடு அண்ணா நகரிலோ கீழ்ப்பாக்கத்திலோ என்று ஆன தெருக்களில்தான் இரவு வெறிச்சோடுகிறது. வியாபாரத்துக்காக உண்டான ஊர் இது. வியாபாரம் இல்லாவிட்டால் குடியும் இல்லை. அந்த வியாபாரமே ஓர் அளவுக்கு மேல் வளர்ந்தால் குடியைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. எந்த இடத்தில் அந்த அளவு தாண்டியது என்று என்னால் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. காட்ட முடியாததாலேயே மனம் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

வெறிச்சோடுகிறது என்று சொன்னேன். அதுவும் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கும் பார்வைதான். கீழே இறங்கினால் தெரு காலியாக இல்லை. என் தெரு முனையில் பூ விற்கும் அம்மாவின் குடும்பம் ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அங்கே வீடாகிறது. கடை ஷட்டர் இறங்கும்வரை அவர்கள் எதிர்ப்பக்கம் காத்திருப்பார்கள். இறங்கியதும் முதலில் விளக்குமாறு வரும். படியும் அதற்கு முன்னால் ஆறடித் தரையும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் காயும்வரை பொறுத்து, பிறகு பாய். பில்லர் பாக்ஸுக்குப் பின்னால் சங்கிலியால் கட்டிய தகரப் பெட்டியிலிருந்து போர்வைகள், ஒரு கொசுவலை. மூன்று செங்கல் வைத்து மூட்டிய அடுப்பில் சோறு சாயங்காலமே வடித்தாகிவிட்டது. பேத்தி எட்டாம் வகுப்பு. ஏடிஎம் வெளிச்சத்தில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள், பள்ளிக்கூடப் பை ஷட்டர் பூட்டின் வளையத்தில் தொங்குகிறது. அவள் படுப்பது எப்போதும் நடுவில், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் பாட்டி. வயசுப் பெண் இருக்கும் பிளாட்பாரக் குடும்பம் எதுவும் முழுத் தூக்கம் தூங்குவதில்லை. குளிப்பது விடியற்காலை நாலு மணிக்கு, கட்டணக் கழிப்பறை திறக்கும் நேரத்தில். ஏழு மணிக்கெல்லாம் பாய் சுருண்டு, தரை மறுபடி கழுவப்பட்டு, கடை வாசலில் கோலம் இருக்கும். புள்ளி பிசகாத சின்னக் கோலம். பத்து மணிக்கு வந்து ஷட்டரைத் தூக்கும் கடைக்காரர் அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகிறார். ராத்திரி பூட்டுக்கு அவர்கள் காவல், பகலில் பெட்டி வைத்துக்கொள்ள அவர் அனுமதி என்பது இரண்டு தலைமுறையாகப் பேச்சில்லாமலே நடக்கும் ஒப்பந்தம். "எங்க ஆயா இங்கதான் பூ வித்துச்சு. எங்கம்மா இங்கதான் பொறந்துச்சு. நானு இதோ இந்தப் போஸ்ட்டாண்ட. எம் பொண்ணுதான் ஆஸ்பத்திரில" என்றார் அந்த அம்மா. நான் அறிந்தவரையில் இந்தத் தெருவில் ஐந்து தலைமுறையாகத் தொடர்ந்து இரவு தங்கிய குடும்பம் அது ஒன்றுதான். பரம்பரை வீட்டுக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள்.

என் சஞ்சலத்தின் அடி இங்கேதான் இருக்கிறது. மனிதர் படுக்கக் கட்டிய கூரையின் கீழ் சரக்கு படுத்திருக்கிறது. அந்தச் சரக்கின் வாசலில் மனிதர் படுத்திருக்கிறார்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் பிராட்வேயிலும் பூக்கடையைச் சுற்றியும் இதே காட்சிதான். நடுவில் இருந்த ஒன்று காணாமல் போனதால்தான் இது இவ்வளவு அப்பட்டமாகத் தெரிகிறது என்று எனக்குத் தோன்றும். அது திண்ணை. இந்த வீடுகளுக்கெல்லாம் திண்ணை இருந்தது. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் இருவருக்கும் பொதுவான ஓர் இடம். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் அண்ணன் வீட்டில் வளர்ந்த ராமலிங்க வள்ளலார், ஓர் இரவு திருவொற்றியூர் கோயிலிலிருந்து நேரங்கழித்துத் திரும்பி, கதவு சாத்தியிருக்கவே பசியோடு திண்ணையில் படுத்துக்கொண்டார் என்றும், வடிவுடையம்மன் அண்ணி வடிவில் வந்து சோறு போட்டுப் போனாள் என்றும் சொல்வார்கள். பசித்தவரைக் கண்டு பதறிய அந்த மனம் உருவானது இந்தத் தெருக்களில்தான். கந்தகோட்டத்து முருகனைப் பாடிக்கொண்டு திரிந்த பையன் பட்டணத்துப் பசியையும் பார்த்திருப்பான். பூட்டிய கதவுக்கு வெளியேயும் உடம்பைச் சாய்க்க ஓர் இடம் உண்டு என்பதைத் திண்ணை சொல்லிக்கொண்டிருந்தது. கடைகள் தெருவரை முன்னேறியபோது முதலில் இடிபட்டது அதுதான். என் வீட்டில் திண்ணை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். இதை எழுதும்போதே மனம் குறுக்கே நிற்கிறது. திண்ணை எல்லோருக்குமா இருந்தது? 1652இலும் 1707இலும் இந்தப் பட்டணத்தில் வலங்கைச் சாதிகளும் இடங்கைச் சாதிகளும் எந்தத் தெருவில் யார் கல்யாண ஊர்வலம், பிண ஊர்வலம் போவது என்று மோதிக்கொண்டார்கள். தெருவே எல்லோருக்கும் இல்லாத ஊரில் திண்ணை எப்படி எல்லோருக்கும் இருந்திருக்கும்? பூ விற்கும் அம்மாவின் பாட்டி அந்தத் திண்ணையில் உட்கார முடிந்திருக்குமா என்று கேட்டால், அநேகமாக முடிந்திருக்காது. எனவே பழையது திரும்பட்டும் என்று நான் ஆசைப்படவில்லை. வீடு கட்டும்போதே வெளியாளுக்கென்று ஆறடி ஒதுக்கிய அந்த எண்ணத்தை மட்டும், அது அன்று விலக்கிவைத்தவர்களையும் சேர்த்து விரித்துப் பார்க்கிறேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மரபு நடை என்று சிறு குழுக்கள் வருகின்றன. நானும் அவர்களோடு நடந்திருக்கிறேன், நிறையக் கற்றிருக்கிறேன். 1772இல் கட்டிய ஆர்மீனியர் தேவாலயத்தின் முற்றத்துக் கல்லறைகள்மேல் உதிர்ந்து கிடக்கும் பூவையும், ஏதென்ஸ் கோயிலின் சாயலில் எழுப்பிய பச்சையப்பன் மண்டபத்தின் தூண்களையும் கண்ணால் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். ஹைதர் அலியின் படை நெருங்கிவந்த பயத்தில் எழுப்பிய நகர மதிலின் கதையையும் சொல்வார்கள். அதன் செலவை உள்ளே வாழ்ந்தவர்களிடம் வரியாகப் பிரிக்க நினைத்து, பிரிக்க முடியாமலே போனது; வசூலாகாத வரியின் பெயரில் வால்டாக்ஸ் சாலை மட்டும் நிலைத்துவிட்டது. மதிலில் மிஞ்சிய துண்டு பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக இருக்கிறது, தொல்லியல் துறையின் பாதுகாப்பில். பாதுகாக்க வேண்டியதுதான். ஆனால் இந்த நடைகளில் நாங்கள் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருக்கிறோம்: வளைவு, தூண், சுதைச் சிற்பம், இரும்புக் கிராதி. சுருட்டிவைத்த பாயைச் சுற்றிக்கொண்டு போகிறோம். 2012இல் மரபுச் சின்னங்களுக்கு ஓர் ஆணையம் அமைக்க மாநிலம் சட்டம் இயற்றியது. கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கலாம். ஐந்து தலைமுறையாக ஓர் இடத்தைப் பெருக்கிக் கோலம் போட்டு வந்திருக்கும் உரிமையை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? அரசின் கண்ணில் இந்தக் குடும்பங்கள் படாமலில்லை. படும்போதெல்லாம் அது நீட்டும் முகவரி கண்ணகி நகர், பெரும்பாக்கம். இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பூ விற்கும் அம்மாவைக் கேட்டால் இப்படிச் சொல்வார்: "வூடு குடுத்தாங்க தம்பி, இல்லன்னு சொல்லல. மாடி ஏறிக் குந்திகினு யாருக்குப் பூ விக்கிறது? பொம்பளைக்கு பஸ் ஃப்ரீதான். விடிகாத்தால மூணு மணிக்கு கோயம்பேட்டுக்குப் பூ எடுக்கப் போவ எந்த பஸ்ஸு வருது?" வீடு வேண்டுமா, பிழைப்பு வேண்டுமா என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது எப்படி மறுவாழ்வாகும் என்பதற்கு எனக்கு இன்னும் விளக்கம் கிடைக்கவில்லை.

என் இடம் இதில் எது என்றும் யோசிக்கிறேன். இந்தப் பகுதியை நான் நேசிக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு மெழுகுவத்தியோடு வரும் கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியில் குங்குமம் இருப்பதை நேசிக்கிறேன். காளிகாம்பாள் கோயில் உச்சிகால மணியும் உயர்நீதிமன்ற வக்கீல்களின் கறுப்பு அங்கிகளும் ஒரே டீக்கடை வாசலில் கலப்பதை நேசிக்கிறேன். மாலையில் கொஞ்ச நேரம், வண்டிகள் ஓய்ந்து ஷட்டர்கள் இறங்குவதற்கு முன், எங்கோ ஒரு வீட்டிலிருந்து குக்கர் சத்தம் கேட்டால் எனக்குக் காரணமில்லாமல் சந்தோஷம் வருகிறது. வீணை தனம்மாள் ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்த காலத்தில், ஒலிபெருக்கி இல்லாமல் அந்த மெல்லிய மீட்டைக் கேட்கத் தெருவும் ஒத்துழைத்திருக்க வேண்டும் அல்லவா? ஒரு வீட்டின் சங்கீதமோ சமையலோ சண்டையோ தெருவரை கேட்பதுதான் ஓர் இடத்தின் உயிர் என்று நான் நினைக்கிறேன். பகலின் இரைச்சல் சந்தையின் உயிர். அது பெரிது, எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சந்தை ராத்திரியானால் வீட்டுக்குப் போய்விடும். ஊரின் உயிர் அதன் பிறகு யார் மிச்சமிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், இந்தப் பழம்பெரும் பட்டணத்தை இரவில் ஊராக வைத்திருப்பவர்களில் பெரும்பங்கு கதவில்லாதவர்கள். நான் வாடகை கொடுத்து ஒரு மாடியில் இருக்கிறேன். நான் காலி செய்தால் அடுத்து வருவது ஆளாக இருக்காது என்பது எனக்கும் பெரியவருக்கும் தெரியும்.

எனவே பழமையைக் காப்பது என்ற பேச்சைக் கொஞ்சம் கீழே இறக்கிப் படிக்கட்டில் வைத்துப் பேசலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்தத் தெருக்களின் மேல்மாடிகளில் குடியிருப்புக்கு மட்டும்தான் அனுமதி என்று ஏன் விதிக்கக் கூடாது? மெட்ராஸ் டெரஸைப் பழுதுபார்த்துக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடும் உரிமையாளருக்குச் சொத்துவரியில் சலுகையும் பழுதுபார்க்கக் கடனும் ஏன் தரக் கூடாது? பழைய அரசுக் கட்டடங்களை இடித்து வாகன நிறுத்தமும் வணிக வளாகமும் எழுப்பத் திட்டம் தீட்டும்போது, அதே மனையின் மேல்தளங்களில் எதிர் பிளாட்பாரத்துக் குடும்பங்களுக்கு வீடு என்று ஒரு வரி சேர்க்க எது தடுக்கிறது? நெருக்கடி, தீப்பிடித்தால் வண்டி நுழையாத சந்து, ஓடாத சாக்கடை என்று சொல்லப்படும் தடைகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை எல்லாம் குடோன்களுக்கும் பொருந்தும். எரியக்கூடிய சரக்கைக் குவித்து வைக்கும் குடோன்களுக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். மாதிரிப் பெட்டியும் பில் புத்தகமும் பேரமும் இங்கே இருந்தால் கடைக்குப் போதும். மீதிச் சரக்கு செங்குன்றம் பக்கத்துக் குடோனில் இருந்தால் அதற்கு ஒரு குறையும் வராது. அதற்குப் பள்ளிக்கூடம் தவறாது, விடியற்காலைப் பூ வாடாது, நடுராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து மகளைத் தடவிப் பார்க்க வேண்டியதில்லை. ஜார்ஜ் டவுனிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டியது எது, இங்கேயே இருக்க வேண்டியவர்கள் யார் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.